ஊறுகிற அளவுக்கு இறைத்தால் போதும்

(திருப்பூரில் நடந்த உடல்நலக் கூட்டமொன்றில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் சென்னையையே தாண்டி நின்றது கோவை மாவட்டம். இன்று அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. ஆனால் கொரோனா வந்து எழுந்தவர்களில் சிலருக்கு உடம்பு இன்னும் பழையபடி ஆகவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோகிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லீங்க, தைரியமா இருங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் வேறு சோம்பேறிப் பட்டம்.

இது சோம்பல் இல்லீங்க. தொற்று வந்து 3 மாதம் ஆன பிறகும் தொந்தரவு இருந்து, அது குறைந்தது 2 மாதம் நீடித்து, வேறு நோய் காரணமில்லை என்றால் அது கோவிடுக்குப் பிந்தைய நோய்நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. நமக்கும் இது புதிதில்லை. 2006-ல் சிக்குன்குன்யா வந்தபோது காய்ச்சல் சில நாளில் விட்டது, மூட்டுவலி மாதக்கணக்கில் விடவில்லை. காலையில் விரல் மடங்காமல் பால் கறக்கத் தடுமாறியவர்களை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள்.

இந்த அசதியைப் போக்க ஒரு மாத்திரை இல்லை. படிப்படியாகத் தேற்றுகிற மறுவாழ்வுப் பயிற்சிதான் உண்டு. அதற்காக வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கோயமுத்தூர் வருவதென்றால் பஸ் மாற வேண்டும், சீட்டு வாங்க வரிசையில் நிற்க வேண்டும், அப்புறம் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரப் பயிற்சிக்கு வந்து போனதில் அடுத்த இரண்டு நாள் படுக்கை. செல்போன் வழியாகப் பயிற்சி கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 'ரீகெய்ன்' என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2024-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. கோவிடுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய 585 பேர். ஒரு பாதிக்கு 8 வாரம் ஆன்லைனில் குழுவாக உடற்பயிற்சியும் மனநல ஆதரவும். இன்னொரு பாதிக்கு 30 நிமிட ஆலோசனை ஒரே ஒரு தடவை. பயிற்சி எடுத்தவர்களின் வாழ்க்கைத் தரம் கூடுதலாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. பெரிய அதிசயம் என்று சொல்ல மாட்டேன், ஓரளவு முன்னேற்றம்தான். ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற அக்கா ஒருவர். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் சேரில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்து காட்டினார். விரலில் ஆக்ஸிமீட்டர். ஆக்சிஜன் இறங்கவில்லை, ஆனால் ஆள் வெலவெலத்துவிட்டார். "போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கக்கா" என்றேன். துவைக்கிற கல், பக்கத்தில் ஊறவைத்த துணி, தண்ணீர் நிறைந்த குண்டா. தறிக்குப் போவதற்கு முன்னாலேயே இத்தனையும் முடித்தாக வேண்டும் அவருக்கு. துணியை நாள்விட்டு நாள் துவைப்பது, சமைக்கும்போது ஸ்டூலில் உட்காருவது, கனத்த குண்டாவை மகன் தூக்குவது என்று மாற்றினோம். பயிற்சியைவிட இதுதான் அவருக்கு முதலில் உதவியது. கிளினிக்கில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தத் துவைக்கிற கல் தெரிந்திருக்காது.

இங்கே பனியன் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்த அசதி உள்ளவர்கள் ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கிறது என்று ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அடித்துப் போடும். கிணற்றில் ஊறுகிற அளவுக்குத்தான் இறைக்க வேண்டும், ஒரேயடியாக வற்ற அடித்தால் மறுபடி ஊறக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இப்படி விழுகிறவர்களிடம் "தினம் கொஞ்சம் கூட்டுங்க" என்பது ஆபத்து. இதே மாதிரி அடித்துப் போடுகிற நாள்பட்ட அசதி நோய்க்கு, கணக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டே போகிற பயிற்சியைத் தரக்கூடாது என்று, சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் சொல்லிவிட்டது. அதனால் நோட்டில் இரண்டே விஷயம் எழுதச் சொல்கிறேன்: இன்று என்ன செய்தீர்கள், மறுநாள் உடம்பு எப்படி இருந்தது. வாரம் ஒரு தடவை போனில் அதைப் படித்துக் காட்டினால், எங்கே நிறுத்த வேண்டும் என்று சேர்ந்து முடிவு செய்யலாம். பாதி நேரம் என் வேலை ஆளைத் தடுத்து நிறுத்துவதுதான்!

வாட்ஸ்அப்பில் பத்து வீடியோவை அனுப்பிவிட்டு அதற்கு டெலி ரீஹாப், அதாவது போன்வழி மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர் வைக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பக்கம் கேட்கிற ஆள் இல்லாவிட்டால் அது சினிமா பார்ப்பது மாதிரிதான். தாளவாடி, பர்கூர் மலைப்பக்கம் வீடியோ விட்டுவிட்டு வரும் என்றால் சாதாரண போன்காலே போதும், நோட்டைப் படிக்க அதற்குமேல் தேவையில்லை.

போனில் முடியாததும் உண்டு. நெஞ்சுவலி, மயக்கம், கொஞ்சம் நடந்ததுமே ஆக்சிஜன் 3 சதவீதமோ அதற்கு மேலோ இறங்குவது, இதற்கெல்லாம் நேரே ஆஸ்பத்திரி. படுத்திருந்து எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு முன்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி, அப்படியே நின்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசு ஆன்லைன் சேவையில் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். முதல் சந்திப்பு வீட்டில் நேரில், அப்புறம் வாராவாரம் போனில் என்று இரண்டையும் கோத்துவிட்டால் இந்த நோயாளிகளுக்குப் பெரிய உதவி. கலெக்டரிடம் மனு கொடுக்கிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறேன். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் உட்கார்ந்தால் கூலி போச்சு, அதனால் அவர் உட்காரவே மாட்டார். தேறி வருகிறவருக்கு ஒரு மாதம் அரை ஷிப்ட் கொடுங்கள், செக்கிங் டேபிளில் ஒரு சேர் போடுங்கள். நான் போனில் சொல்கிற எதுவும் இது இல்லாமல் நடக்காது.

சரி, இனிக் கேள்விகள். ரொம்ப நேரம் உட்கார முடியாதவர்கள் முதலில் கேளுங்கள், அவர்கள் கிளம்பட்டும்.