ஒப்புக்கொண்ட மேலாளரை என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம்.

2007 மே 25 அன்று கோபன்ஹேகனில் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார் பியார்னே ரீஸ். 1996இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். அதற்கு முன் எந்த டென்மார்க்காரரும் வென்றதில்லை. 1993 முதல் 1998 வரை இ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தை எடுத்துக்கொண்டேன் என்று அன்று ஒப்புக்கொண்டார். வென்ற மஞ்சள் சட்டை வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். டூர் நடத்துபவர்கள் வெற்றியாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு குறிப்போடு திரும்பச் சேர்த்தார்கள்.

எல்லோருடைய கவனமும் அந்தச் சட்டை மேல் போய்விட்டது. அன்று ரீஸ் ஓய்வுபெற்ற பழைய வீரர் மட்டுமாக இருந்திருந்தால் அது சரி. ஆனால் அவர் சி.எஸ்.சி. என்ற சைக்கிள் அணியின் மேலாளர். யாரை அணியில் எடுப்பது, எந்த மருத்துவரை வைத்துக்கொள்வது, யாருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகும் அந்த இடத்திலேயே தொடர்ந்தார்.

இன்று நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றித்தான்.

இ.பி.ஓ. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் கூடும். மூன்று வாரம் மலை மலையாக ஏறும் பந்தயத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1990களில் அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே கிடையாது. 2000 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் 1997இல், ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்ட முடியாது என்று சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ. ஒரு வரம்பு வைத்தது. அதற்குக் கீழே வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள்.

1998இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய மருந்தோடு பெல்ஜியம் எல்லையில் பிடிபட்டார். அணிக்குள் இதெல்லாம் ஒழுங்காக ஏற்பாடு செய்து நடத்தப்பட்டது என்பதை அதன் இயக்குநர் புரூனோ ரூசேல் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒரு வீரர் தனியாக ரகசியமாகச் செய்த காரியம் அல்ல அது. பணம் ஒதுக்கி, ஆள் வைத்து, மேலிருந்து நடத்தியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருகிறேன்.

அந்தத் தலைமுறை வீரர்கள் ஓய்வுபெற்ற பிறகு எங்கே போனார்கள்? நிறையப் பேர் அணிகளின் இயக்குநர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் மேலாளர்களாகவும் ஆனார்கள். வேறு யார் ஆவார்கள்? பந்தயம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2007க்கும் 2013க்கும் இடையில் வாக்குமூலங்கள் வரிசையாக வந்தபோது, பேசியவர்களில் பலர் ஏதோ ஒரு அணியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு விதமான பதில்கள் வந்தன. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதல் பதில், ஸ்கை அணி 2012 அக்டோபரில் எடுத்தது. கடந்த காலத்தில் ஊக்கமருந்துடன் எந்தத் தொடர்பும் இல்லை என்று அணியில் வேலை செய்யும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாதவர் வெளியேற வேண்டும். பயிற்சியாளர் பாபி ஜூலிக் உண்மையைச் சொன்னார், போனார். இயக்குநர் ஸ்டீவன் டி யாங்க் உண்மையைச் சொன்னார், அவரும் போனார். இதில் என்ன ஆனது பாருங்கள். பொய்க் கையெழுத்துப் போடத் துணிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால், அவர் வேலைக்கு ஆபத்தே இல்லை. நேர்மையாக நடந்தவருக்குத்தான் வேலை போயிற்று. கொஞ்ச நாளில் டி யாங்க் சேர்ந்த அணி எது தெரியுமா? ரீஸ் நடத்திய அணி. இதே ஸ்கை அணியில் அதற்கு முந்தைய இரண்டு பருவங்கள் பகுதிநேர மருத்துவராக வேலை பார்த்த கீர்ட் லைண்டர்ஸுக்கு, முன்பு ராபோபேங்க் அணியில் செய்த காரியங்களுக்காக 2015இல் ஆயுள்தடை விதிக்கப்பட்டது. ஒரு கையெழுத்தால் அணி சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

யு.சி.ஐ.யும் 2011இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஊக்கமருந்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் பின்னாளில் அணிப் பணிக்கு உரிமம் பெறுவதைக் கட்டுப்படுத்தும் விதி. நோக்கம் நல்லதுதான். ஆனால் அது பிடிபட்டவரைத்தான் தொடும். பிடிபடாமல் தப்பித்து, வாயையும் திறக்காதவரைத் தொடாது.

இரண்டாவது பதில், சொல்லிவிட்டாரே, போதும் என்று விட்டுவிடுவது. ரீஸ் விஷயத்தில் நடந்தது அது.

ஒரு வாக்குமூலத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு எரிக் ஸாபெலைப் பாருங்கள். ரீஸுக்கு ஒரு நாள் முன்னால், வீரராக இருந்த காலத்தில் அவரோடு ஒரே அணியில் ஓட்டிய ஸாபெல் கண்ணீரோடு பேசினார். 1996இல் ஒரே ஒரு வாரம் முயன்றேன், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன் என்றார். பார்த்தவர்கள் மனம் இளகியது. 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை 1998 டூரின் பழைய மாதிரிகளில் இ.பி.ஓ. இருந்த வீரர்களின் பெயர்களை வெளியிட்டது. அப்புறம்தான் ஸாபெல், ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். கேமரா முன்னால் சொல்வதற்கு யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று பேசுகிறவரே தீர்மானிக்கிறார்.

ரீஸும் அப்படித்தான் நிறுத்தினார். தான் எடுத்துக்கொண்டதைச் சொன்னார், அதோடு சரி. எட்டு ஆண்டு கழித்து, 2015 ஜூனில், டென்மார்க்கின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. மேலாளராக இருந்தபோது தன் அணியில் ஊக்கமருந்து நடப்பது தெரிந்தும் அவர் தடுக்கவில்லை என்று அது சொன்னது. தண்டனை? இல்லை. காலக்கெடு கடந்துவிட்டது. 2020இல் அவர் என்.டி.டி. அணியின் மேலாளராகத் திரும்பி வந்தார்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இருபது வயசுப் பையன் மருந்து எடுத்துக்கொள்வதும், அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரே குற்றம் ஆகாது. பையனுக்கு ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள். மாட்டேன் என்றால் வேலை போகும். ஃபெஸ்டினாவில் மேலிருந்தே நடத்தினார்கள் என்று சொன்னேன் அல்லவா, அந்த மேல் இடத்தில் இருக்கும் மேலாளருக்கு மறுக்கும் அதிகாரம் இருக்கிறது. மருத்துவரை மாற்றலாம், இலக்கைக் குறைக்கலாம், விளம்பரதாரரிடம் உண்மையைச் சொல்லலாம். வீரராக இருந்தபோது எடுத்துக்கொண்டது ஒரு கணக்கு, மேலாளராக இருந்தபோது செய்ததும் செய்யாமல் விட்டதும் வேறு கணக்கு. முதல் கணக்கைச் சொல்லிவிட்டு இரண்டாவதை மூடிவைக்க யாரையும் விடக்கூடாது.

ஜோனதன் வாட்டர்ஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏழு டூர் பட்டங்களை வென்று, ஊக்கமருந்தால் அவற்றை இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பழைய அணித்தோழர். ஸ்லிப்ஸ்ட்ரீம் அணியைத் தொடங்கியபோதே வீரர்களின் ரத்தத்தைத் தனியாகப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார். தானும் மருந்து எடுத்ததை 2012 ஆகஸ்டில் வெளிப்படையாக எழுதினார். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யூசாடாவுக்குச் சாட்சி சொன்ன ஆம்ஸ்ட்ராங்கின் பழைய அணித்தோழர்கள் பதினொருவரில் அவரும் ஒருவர். பத்திரிகையாளர் சந்திப்பில் பேசுவது வேறு, சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுப்பது வேறு. சத்தியம் செய்து சொன்னதைச் சரிபார்க்கலாம், பொய் என்றால் தண்டிக்கலாம்.

இதிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். சாட்சி சொன்ன வீரர்களுக்குக் கிடைத்தது ஆறு மாதத் தடை. அதுவும் 2012 செப்டம்பரிலிருந்து 2013 மார்ச் வரை, பெரும்பகுதி பந்தயமே இல்லாத குளிர்காலம். அவர்களில் ஒருவரான டாம் டேனியல்சன், வாட்டர்ஸின் அணியில் ஓட்டியவர், 2015இல் மறுபடியும் பரிசோதனையில் சிக்கினார். மன்னித்ததற்கு இதுதான் பலன் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சாட்சிகள் இல்லாமல் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் போயிருக்குமா? அணியை நடத்திய யோஹன் புரூய்னீலுக்கு 2014இல் பத்தாண்டுத் தடையும், 2018இல் ஆயுள்தடையும் வந்திருக்குமா? கீழே இருந்தவர்கள் பேசியதால்தான் மேலே இருந்தவரைத் தொட முடிந்தது.

சரி, என்ன செய்யலாம்?

ஒப்புக்கொள்ளும் மேலாளர் முதலில் விசாரணை அமைப்பிடம் போகட்டும், பத்திரிகையாளர்களிடம் பிறகு பேசலாம். யார் கொடுத்தார்கள், யார் பணம் கட்டினார்கள், எந்த மருத்துவர், இன்று அவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது வரை சொல்ல வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. 2019இல் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் அம்பலமான வீரர்களுக்கு ரத்தம் ஏற்றும் ஊக்க மோசடியின் மையத்தில் இருந்த மருத்துவர், பல ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் அணிகளில் வேலை பார்த்தவர்தான். முழுதாகச் சொன்னவர் வேலையில் தொடரட்டும். பாதி சொன்னார் என்று பின்னால் தெரிந்தால் உரிமம் உடனே போக வேண்டும். மேலாளராக இருந்தபோது கண்டும் காணாமல் இருந்தவருக்கு எந்தக் காலக்கெடுவும் பாதுகாப்பாக இருக்கக் கூடாது. பத்தாண்டுக்கு மேல் பழைய குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்ற காலக்கெடு வீரருக்குப் பொருந்தலாம், அணியை நடத்துபவருக்குப் பொருந்தாது. பெரிய அணிகளுக்கு உரிமம் கொடுக்கும்போது யு.சி.ஐ. ஏற்கெனவே நெறிமுறை என்ற அளவுகோலையும் பார்க்கிறது. இதையெல்லாம் அதற்குள்ளேயே சேர்க்கலாம்.

கிறிஸ்டோஃப் பாஸோன் பெயரையும் சொல்லிவிடுகிறேன். ஃபெஸ்டினா அணியில் இருந்தும் மருந்தைத் தொடாதவர். 1999 டூரில் ஓட்டிக்கொண்டே பத்திரிகையில் ஊக்கமருந்து பற்றி எழுதினார். ஆல்ப் டியூஸ் மலைக்குப் போகும் வழியில் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, விளையாட்டை விட்டே போகச் சொன்னார். சக வீரர்கள் ஒதுக்கினார்கள். பந்தயத்தை முடிக்காமலே வெளியேறினார், 2001இல் ஓய்வுபெற்றார். மருந்து எடுத்து வென்றவர்கள் அந்தப் பெயரை வைத்தே மேலாளர் ஆனார்கள். மறுத்தவரிடம் காட்டுவதற்கு வெற்றிப் பட்டியல் இல்லை, அதனால் அவரை யாரும் அழைக்கவில்லை. ஒப்புக்கொண்டவருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கும் அணிகள், அன்று மறுத்தவர்களுக்கு முதல் வாய்ப்பையாவது கொடுக்கட்டும். அவர்களில் பலர் இன்னும் வேலை செய்யும் வயதில்தான் இருக்கிறார்கள்.

டேனியல்சன் விஷயத்திலும் காலக்கெடு விஷயத்திலும் உங்களில் பலருக்கு மாற்றுக் கருத்து இருக்கும். இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன். நன்றி.