ஐம்பத்தைந்தாம் எண் வண்டியில் வந்தவர்

(ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்டீவ் புசெமி என்ற அமெரிக்க நடிகரின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த முகம் தெரிந்திருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கேட்போர்டைச் சாய்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குள் நடந்து வந்து, தானும் ஒரு பையன் என்ற பாவனையில் மாணவர்களைக் குசலம் விசாரிப்பார். அந்த மீம் உங்கள் ஃபோனுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். ‘30 ராக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் 2012இல் வந்த காட்சி அது. சில நொடிகள்தான். பத்து வருஷத்துக்கு மேலாகியும் உலகம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மனிதர் 1980 முதல் 1984 வரை நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். மன்ஹாட்டனில் லிட்டில் இத்தாலி என்ற பேட்டை, ப்ரூம் தெரு, 55ஆம் எண் இன்ஜின் கம்பெனி. கம்பெனி என்றால் வியாபாரக் கம்பெனி இல்லை. ஒரு வண்டியும் அதில் போகிற ஆட்களும் சேர்ந்ததை அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

இந்தச் செய்தியைப் பத்திரிகைகள் ஒரு சுவையான துணுக்காகப் போட்டுவிட்டுப் போய்விடும். பெரிய நடிகர், முன்னாளில் தீயணைப்பு வீரராம், அடேயப்பா. அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. புசெமி என்ற கலைஞனைப் புரிந்துகொள்ள அந்த நான்கு வருஷம்தான் சாவி என்று நான் நினைக்கிறேன். வேலையை விட்டாரே தவிர, அந்த ஆட்களை அவர் விடவே இல்லை. இன்று நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

புசெமி 1957 டிசம்பர் 13 அன்று ப்ரூக்ளினில் பிறந்தார். அப்பா நகரத்தின் துப்புரவுத் துறையில் வேலை பார்த்தவர், கொரியப் போருக்குப் போய் வந்தவர். அம்மா ஓர் உணவகத்தில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வேலையில் இருந்தார். மொத்தம் நான்கு ஆண் பிள்ளைகள். ‘எந்த அரசுத் தேர்வு வந்தாலும் எழுதிவைடா’ என்பதுதான் அப்பா எல்லோருக்கும் சொன்ன புத்தி. நம் வீடுகளில் கேட்காத வார்த்தையா இது? பிள்ளையும் 18 வயதில் தீயணைப்புத் துறைத் தேர்வை எழுதிவைத்தார். அழைப்பு வருவதற்குச் சில வருஷங்கள் ஆயின. அதுவரை ஐஸ்கிரீம் வண்டி ஓட்டினார், சினிமா தியேட்டரில் டிக்கெட் பார்த்து ஆளை உட்காரவைத்தார்.

நடிப்புப் படிப்புக்குப் பணம் வந்த கதை விசித்திரமானது. நான்கு வயதில் அவரை ஒரு பஸ் இடித்துவிட்டது. மண்டை ஓட்டில் விரிசல். அதற்குக் கிடைத்த நஷ்டஈடு சுமார் 6,000 டாலர், 18 வயதான பிறகு கைக்கு வந்தது. அந்தப் பணத்தில்தான் மன்ஹாட்டனில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். பையனை எப்படியாவது அரசு வேலையில் உட்காரவைக்கப் பார்த்த அதே அப்பாதான் நடிப்புப் பள்ளியையும் தடுக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, 55ஆம் எண் வண்டிக்கு வருவோம். நியூயார்க்கில் தீயணைப்பு வண்டிகள் முக்கியமாக இரண்டு வகை. ‘லேடர்’ கம்பெனிக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போய் ஆட்களைத் தேடுவார்கள், கூரையில் ஏறிப் புகைக்கு வழி திறந்துவிடுவார்கள். ‘இன்ஜின்’ கம்பெனிக்காரர்களின் வேலை தண்ணீர். தெருவில் இருக்கிற ஹைட்ரண்ட் என்ற தண்ணீர்க் குழாயில் இணைத்து, குழாயை மாடிப்படி வழியாக இழுத்துக்கொண்டு போய் நெருப்பின் மேல் நேராக அடிக்க வேண்டும். முனையைப் பிடித்திருப்பவர் முன்னால் தவழ்ந்து போவார். அவருக்குப் பின்னால் ஒருவர் குழாயின் பாரத்தைத் தாங்குவார். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்தக் குழாயை ஒற்றை ஆளால் நெடுநேரம் அடக்கிவைக்க முடியாது. புகையில் முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது, முதுகு தொடுகிறதா என்பதுதான் தெரியும். பின்னால் இருப்பவர் யார் என்று யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் ஓர் அடி நகர முடியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், புசெமியின் நடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எத்தனை படங்களில் அவர் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று, பாரத்தைத் தாங்கி, காட்சியை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார்!

அப்புறம் சமையலறை. அங்கே தீயணைப்பு நிலையத்தின் உயிர் சமையலறையில் இருக்கிறது. பகல் ஷிஃப்ட் 9 மணி நேரம், இரவு ஷிஃப்ட் 15 மணி நேரம். ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டுச் சாமான் வாங்கிச் சமைக்கிறார்கள். பெரிய மேசை ஒன்று. பாதிச் சாப்பாட்டில் அலாரம் அடித்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். திரும்பி வந்து ஆறிப்போனதைச் சாப்பிட வேண்டும். அந்த மேசையில் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது ஓயாது. புதிதாக வந்தவன் வாயைத் திறந்தால் தொலைந்தான். சற்று முன் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி யாரும் நேரடியாகப் பேச மாட்டார்கள். பேச முடியாததையெல்லாம் சிரிப்பாக்கிச் சாப்பாட்டோடு விழுங்குகிற இடம் அது.

இப்படியொரு மேசையில் உட்கார்ந்திருந்த இளைஞர் வேலை இல்லாத இரவுகளில் மேடையேறி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்துகொண்டிருந்தார். தனியாக மைக் பிடித்து ஜோக் சொல்வது அவருக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பின்னர் மார்க் பூன் ஜூனியர் என்ற நண்பரோடு சேர்ந்து, இரண்டு பேர் நகைச்சுவை நாடகங்களாக எழுதி நடிக்கத் தொடங்கினார். மன்ஹாட்டனில் ஈஸ்ட் வில்லேஜ் என்ற பேட்டை அன்று பாழடைந்த கட்டடங்களும் மலிவான வாடகையுமாக இருந்தது. அங்கே இருந்த சின்னச் சின்ன இடங்களில்தான் இவர்கள் நடித்தார்கள். ஜோடி சேர்ந்ததும் அவருடைய நகைச்சுவை எடுபட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கூட்டாளி ஒருவன் எதிரே இருந்தால்தான் அவர் சோபிப்பார். இன்றைக்கும் அப்படித்தான்.

1984இல் துறையை விட்டார். 1986இல் வந்த ‘பார்ட்டிங் கிளான்ஸஸ்’ படத்தில் எய்ட்ஸ் நோயாளியாக நடித்தார். அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஊர் பயந்த காலம். சாகப்போகிற ஒருவனை அழுது வடியவிடாமல், கடைசிவரை நக்கலும் கோபமுமாக அவர் காட்டியதைப் பார்த்தால் இந்தச் சிரிப்பு எங்கே கற்றது என்று புரியும். அதற்குப் பிறகு வந்த படங்களை வரிசையாகச் சொல்லப் போவதில்லை, அவை உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1992இல் வந்த ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ ஒரு மேசையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு வம்பளப்பதில் தொடங்குகிறது. எல்லோரும் பரிமாறிய பெண்ணுக்கு டிப்ஸ் வைக்கிறார்கள். இவர் மட்டும் ‘நான் வைக்க மாட்டேன்’ என்று வழக்காடுவார். வசனம் படத்தின் இயக்குநர் குவென்டின் டாரண்டினோ எழுதியது, சரி. ஆனால் மேசையில் பத்து வாய் ஒரே நேரத்தில் பாயும்போது விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிற அந்த லாவகம், ப்ரூம் தெருச் சமையலறையில் பழகியது என்றே நான் நம்புகிறேன்.

இனி 2001. அந்த ஒரு வருஷத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மே மாதம் ‘தி சோப்ரானோஸ்’ தொலைக்காட்சித் தொடரில் அவர் இயக்கிய ‘பைன் பேரன்ஸ்’ என்ற பகுதி ஒளிபரப்பானது. இரண்டு தாதாக்கள் பனி மூடிய காட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு ஒரு கால் ஷூ போய்விடுகிறது. பசி தாங்காமல், கைவிடப்பட்ட ஒரு வேனுக்குள் ஒடுங்கிக்கொண்டு கெட்ச்சப் பொட்டலங்களை உறிஞ்சித் தின்கிறார்கள். உயிர் போகிற நிலைமை, ஆனால் பார்க்கிற நமக்கு வயிறு வலிக்கிறது. அதற்காகச் சிறந்த இயக்கத்துக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். நவம்பரில் ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ வந்தது. ஓணான் மாதிரி நிறம் மாறும் வில்லன் ராண்டலுக்கு இவருடைய குரல். உலகமெங்கும் குழந்தைகள் அதைக் கேட்டுப் பயந்தார்கள், சிரித்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே செப்டம்பர் 11.

மறுநாள், 12ஆம் தேதி, இரட்டைக் கோபுரம் இருந்த இடத்துக்குப் போனார். பல மணி நேரம் அந்தக் குவியலைச் சுற்றி நடந்து தன் பழைய 55ஆம் எண் ஆட்களைக் கண்டுபிடித்தார். நானும் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் விலகிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. முதலில் அவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம்தான், சினிமாக்காரர் படம் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறாரோ என்று நினைத்திருந்தாலும் தப்பில்லை. அப்புறம் வரிசையில் இடம் கொடுத்தார்கள். வாளியில் இடிபாடுகளை அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கிற வரிசை. அதே நிலையத்திலிருந்து முந்தைய நாள் கிளம்பிப்போன வண்டியில் இருந்தவர்கள் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தார்கள். நகரம் முழுவதிலுமாக அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். புசெமி அடுத்தடுத்த நாள்களும் வந்து, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தார். பேட்டி கொடுக்கவில்லை, புகைப்படத்துக்கு நிற்கவில்லை. பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் இணையத்தில் எழுதிய பிறகுதான் ஊருக்கே பரவலாகத் தெரிந்தது.

நண்பர்களே, இதோடு நிறுத்தியிருந்தாலே பெரிய மனசுதான். அவர் நிறுத்தவில்லை. 2003இல் நகர நிர்வாகம் பணப் பற்றாக்குறை என்று சொல்லி ஆறு தீயணைப்பு நிலையங்களை மூடியது. அவற்றில் ஒன்று ப்ரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த 212ஆம் எண் நிலையம். 1975இல் ஒருமுறை அதை மூடப் பார்த்தபோது அக்கம்பக்கத்து ஜனங்களே நிலையத்துக்குள் புகுந்து குடியிருந்து, ஒரு வருஷத்துக்கும் மேல் போராடி மீட்டிருந்தார்கள். ‘மக்கள் தீயணைப்பு நிலையம்’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இரண்டாம் முறை மூடியபோது நடந்த போராட்டத்தில் புசெமியும் நின்றார், மற்றவர்களோடு சேர்ந்து கைதும் ஆனார். இம்முறை நிலையம் மீளவில்லை. தோற்ற போராட்டம்தான். ஆனாலும் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பேரிடர் நடந்தபோது ஓடிவருவதைப் போல, பட்ஜெட்டில் வெட்டு விழும்போதும் ஓடிவருகிறவர் எத்தனை பேர்?

‘போர்ட்வாக் எம்பயர்’ தொடருக்காக 2011இல் கோல்டன் குளோப் விருது வாங்கினார். புகழின் உச்சி. 2014இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக நியூயார்க் தீயணைப்பு வீரர்களைப் பற்றி ‘எ குட் ஜாப்’ என்ற ஆவணப்படம் வந்தது. அதில் இவர் பெரும்பாலும் கேள்வி கேட்கிறவர்தான். கேட்டுவிட்டு அவர்களைப் பேசவிடுகிறார். பேச்சு தொண்டையில் சிக்கும் இடங்களில் குறுக்கே விழாமல் காத்திருக்கிறார். வெளியாள் யாராக இருந்தாலும் அந்த மௌனத்தை நிரப்பப் பார்த்திருப்பார்.

தான் பட்டதையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் குவியலில் வேலை செய்துவிட்டு வந்த பிறகு மனம் நொறுங்கிப்போனதை, சிகிச்சை தேவைப்பட்டதை, 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். ‘வலியா, எனக்கா?’ என்று மார்தட்டுகிற தொழிலில் இருந்து வந்தவர் இப்படிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ப்ரூக்ளினில் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஃபயர்ஃபைட்டர்ஸ்’ என்ற அமைப்பு தீயணைப்பு வீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் காசு வாங்காமல் மனநல ஆலோசனை தருகிறது. பல வருஷங்களாக அதற்குத் துணை நிற்கிறார். கோபுர இடிபாட்டுத் தூசியால் வந்த நோய்களைப் பற்றிய ‘டஸ்ட்’ ஆவணப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளரும் அவரே. அந்த நோய்களால் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை இன்று 343ஐத் தாண்டிவிட்டது. அதாவது அந்த ஒரு நாளில் போனவர்களைவிட, அதற்குப் பின் இருமி இருமிப் போனவர்கள் அதிகம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு தெரிந்த முகம் வேண்டியிருக்கிறது. அவர் தன் முகத்தைக் கொடுத்திருக்கிறார்.

அதே 2021இல், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீன் பண்டிகை. ப்ரூக்ளினில் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். வேஷம்? தொப்பி, ஸ்கேட்போர்டு, அந்த மீமேதான். செப்டம்பர் 11இன் இருபதாம் ஆண்டு அஞ்சலி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு முன்னால் தன்னையே கேலிப்பொருளாக வைத்துச் சிரிக்கவைக்கிறார். சமையலறை மேசைக்காரர் அப்படித்தான் இருப்பார்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு தம்பி, ‘அண்ணா, இவரை இதுவரை பார்த்ததே இல்லை, எதில் ஆரம்பிக்கட்டும்?’ என்று கேட்டார். முதலில் ‘பைன் பேரன்ஸ்’ பாருங்கள் என்றேன். அதில் அவர் முகம் தெரியாது, இயக்கம் மட்டும்தான், ஆனால் அவருடைய நகைச்சுவை முழுக்க அதில் இருக்கிறது. அப்புறம் ‘எ குட் ஜாப்’. நடித்த படங்களுக்கு அதற்குப் பிறகு போகலாம்.