துணிந்த ஓநாயும் தயங்கும் ஓநாயும்

(மன்னார்குடியில் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நம் டெல்டாவில் ஓநாய் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் அதன் உறவான நரிதான். அறுவடை முடிந்த வயல்களில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடும்போது, இரவில் குட்டிகளைக் கூண்டுக்குள் அடைத்துவிட்டுக் காவல் இருப்பது நரிக்காகத்தான். அவர்களிடம் பேசிப் பாருங்கள். எல்லா நரியும் ஒன்றல்ல என்பார்கள். ஒரு நரி கிடையைத் தூரத்தில் சுற்றிவிட்டுப் போய்விடும்; இன்னொன்று நாய் குரைக்கக் குரைக்கக் கூண்டு வரை வரும். இந்த வேறுபாட்டைத்தான் விலங்கியலார் இன்று தனிக்குணம் என்கிறார்கள். ஓநாய்களில் இது ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது. ஓநாய்க்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்ற ஒரே கேள்வியோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற ஊரில் ஓநாய் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓநாய்களையும் நாய்களையும் குட்டியிலிருந்தே ஒரே மாதிரி வளர்க்கிறார்கள். 2016-இல் வெளிவந்த அவர்களுடைய சோதனை ஒன்று எளிமையானது. கவிழ்த்து வைத்த இரண்டு கிண்ணங்கள். ஒன்றின் அடியில் எப்போதும் சப்பென்ற காய்ந்த தீனி இருக்கும். மற்றதன் அடியில் பாதித் தடவை இறைச்சி, பாதித் தடவை வெறும் கல். எதில் என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே பழக்கிவிட்டுத்தான் தேர்வு செய்ய விட்டார்கள். ஏழு நாய்களும் ஏழு ஓநாய்களும் கலந்துகொண்டன. கல் வரக்கூடிய கிண்ணத்தை ஓநாய்கள் 80 சதவீதத் தடவை தேர்ந்தெடுத்தன. நாய்கள் 58 சதவீதம்தான்.

வளர்ப்பு ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? பிழைப்பு வேறு என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். மனிதர் வீசியதைத் தின்று பழகிய வம்சம் நாய். குப்பைமேடு நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஓநாயின் வேட்டைகளில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. வெறுங்கையோடு திரும்பத் தயாராக இல்லாத ஓநாய்க்கு உணவே இல்லை.

ஆனால் ஓநாய் பயமறியாத விலங்கு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அதே மையத்தில் முன்பின் பார்த்திராத பொருள்களை வைத்துப் பார்த்தபோது, நாய்களைவிட ஓநாய்களே அதிகம் மிரண்டன, நெருங்கத் தயங்கின. நெருங்கிய பிறகோ, நாய்களைவிட நெடுநேரம் அவையே ஆராய்ந்தன. பக்கத்தில் கூட்டாளி இருந்தால் தயக்கம் குறைந்தது. அச்சமும் ஆர்வமும் ஒரே உடம்பில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. எனக்கு ஓநாயின் மேல் மதிப்பு கூடியதே இதைப் படித்த பிறகுதான்.

இனிக் காட்டுக்குப் போவோம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் அடியோடு ஒழிக்கப்பட்டிருந்தன. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து அவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்கிறார்கள். அங்கே இரை எல்க் என்ற பெரிய மான். ஓநாயைப் போல ஐந்தாறு மடங்கு எடை. அது விடும் ஓர் உதையில் விலா எலும்பு நொறுங்கும். கூட்டம் பெருகப் பெருக வேட்டையும் பலிக்கும் என்றுதானே நினைப்போம்? எல்க் வேட்டையில் நான்கு ஓநாய்களுக்கு மேல் சேர்ந்தாலும் வெற்றி கூடவில்லை. மற்றவை உடன் ஓடுகின்றன, உதைபடும் தூரத்துக்கு வருவதில்லை. இரை காட்டெருமையாக இருந்தால் கதை மாறுகிறது. அதை இரண்டு மூன்று பேர் வீழ்த்த முடியாது. அங்கே ஒன்பது, பத்துக்கு மேலும் ஆள் சேரச் சேர வெற்றி கூடுகிறது. தேவைப்படும் இடத்தில்தான் ஓநாய் தன் உடம்பைப் பணயம் வைக்கிறது.

அடுத்தது, பலரும் நம்ப மறுக்கும் செய்தி. டாக்சோபிளாஸ்மா கோண்டியை என்று ஓர் ஒட்டுண்ணி உண்டு. பூனைக் குடும்பத்து விலங்கின் குடலில்தான் அது முழுமையாக இனம் பெருக்க முடியும். இந்த ஒட்டுண்ணி புகுந்த எலிக்குப் பூனை வாடையில் அச்சம் குறைகிறது. கென்யாவில் தொற்று கண்ட கழுதைப்புலிக் குட்டிகள் சிங்கங்களுக்கு அதிகம் நெருங்கிப் போயின. யெல்லோஸ்டோனில் 26 ஆண்டுகளாகச் சேர்த்த இரத்த மாதிரிகளைக் கொண்டு ஓநாய்களைச் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மலைச்சிங்கம் எனப்படும் கூகர் நிறைந்த பகுதிகளில் திரியும் ஓநாய்களுக்கே தொற்று அதிகம். தொற்று கண்ட ஓநாய் பிறந்த கூட்டத்தை விட்டுத் தனியே கிளம்பும் வாய்ப்பு 11 மடங்கு. கூட்டத்தின் தலைமைக்கு வரும் வாய்ப்பு 46 மடங்கு!

ஒட்டுண்ணி துணிச்சலைக் கொடுத்ததா, துணிந்தது தானே போய் ஒட்டுண்ணியை வாங்கிக்கொண்டதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டு ஓநாயில் இதை முழுமையாகப் பிரித்துக் காட்டுவது கடினம். எலிகளில் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை வைத்து, ஒட்டுண்ணிக்கும் இதில் கை உண்டு என்றே நான் எண்ணுகிறேன். தலைமையில் இருக்கும் ஓநாய் தொற்றோடு இருந்தால், அது தன் கூட்டத்தையே கூகர் திரியும் இடத்துக்கு இட்டுச் செல்லக்கூடும். மற்றவற்றுக்கும் தொற்று பரவக்கூடும். இது அந்த ஆய்வாளர்களே முன்வைக்கும் கருதுகோள். ஒரு கூட்டத்தின் போக்கையே கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் திருப்பிவிடும் என்றால், குணம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? பல நாள் என்னை உறங்கவிடாத கேள்வி இது.

துணிந்தவைதான் முன்னுக்கு வரும் என்றால் தயங்குபவை ஏன் இன்னும் அழியவில்லை? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பி ஒருவர் குறுவைக்கு நாற்று விடுகிறார். பக்கத்து வயல்காரர் சம்பாவுக்குக் காத்திருக்கிறார். தண்ணீர் வந்த ஆண்டில் முதலாமவருக்கு இரண்டு போகம். வராத ஆண்டில் இரண்டாமவரிடம் விதைநெல்லாவது மிஞ்சும். இரண்டு வகைக் குணமும் ஓநாய்களிடையே நிலைத்திருப்பதற்கு இப்படித்தான் காரணம் சொல்கிறார்கள்.

இப்போது மனிதன் குறுக்கிடும் இடம். யெல்லோஸ்டோனில் பெயர் பெற்ற பெண் தலைவி 832 என்ற ஓநாய், 2012 டிசம்பரில் பூங்கா எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. தலைமை ஓநாய் மனிதரால் கொல்லப்பட்டால் அந்தக் கூட்டம் சிதறாமல் நீடிப்பது பெரிதும் கடினமாகிறது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டு ஓநாய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இருந்தும், ஆடு போன கோபத்தில் குகையில் புகை போட்டுக் குட்டிகளைக் கொல்லும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. ஆட்டைத் தூக்கியது எந்த ஓநாய் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆட்டுக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்கு இழப்பீடு தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும், இரவில் அடைக்க உறுதியான பட்டி வேண்டும். இவை இரண்டையும் செய்துவிட்டு, பட்டி வரை வருவது எந்த விலங்கு என்று தனியாகக் கண்காணிக்க வனத்துறைக்கு ஆளும் பணமும் கொடுங்கள் என்று கேட்கத்தான் நானும் இந்த மேடைக்கு வந்தேன்.