கண்ணை மூடிக்கொண்டு டிவி வாங்காதீர்கள்! நீங்கள் நம்பும் பிராண்டின் திரை யாருடையது?

(திரையில்: இரண்டு டிவிகள் அருகருகே. இரண்டிலும் பிராண்ட் பெயர் மேல் கறுப்பு டேப்.)

"எந்த பிராண்ட் டிவி வாங்கலாம்?" எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். மீதிப் பாதி, "இந்த பிராண்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?" வேறு எதை வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். டிவியை மட்டும் வேண்டாம். கண்ணைத் திறந்து பார்ப்பதற்கென்றே வாங்குகிற பொருள் அது.

சரி, ஒரு சின்ன சோதனை. நீங்கள் தீவிர சாம்சங் ரசிகர், எல்ஜியை வாசற்படி ஏற விடமாட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2023இல் சாம்சங் எஸ்90சி என்ற ஓஎல்இடி (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) டிவியை 83 அங்குலத்தில் கொண்டுவந்தது. அதை ஆசையாக வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தால், தினமும் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது எல்ஜி குழுமத்தின் திரை நிறுவனமான எல்ஜி டிஸ்ப்ளே செய்த திரை. பெட்டியில் சாம்சங், ரிமோட்டில் சாம்சங், ஆன் செய்தால் வரும் பெயரும் சாம்சங். கண்ணாடி மட்டும் எதிர்வீட்டுப் பிள்ளை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், 2019இல் இதே இரண்டு பேரும் தெருவில் இறங்கிச் சண்டை போட்டார்கள். சாம்சங் தன் டிவிகளுக்கு வைத்த கியூஎல்இடி என்ற பெயர் வாங்குகிறவர்களைக் குழப்புகிறது, உள்ளே இருப்பது பின்விளக்கு வைத்த எல்சிடிதான் என்று எல்ஜி கொரிய நியாய வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. சாம்சங்கும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்கு ஒரு புகார். அடுத்த வருடமே இரண்டு பேரும் வாபஸ் வாங்கினார்கள். அப்புறம் மூன்றே வருடத்தில் ஒருவர் செய்த கண்ணாடியை இன்னொருவர் வாங்கி விற்கிறார். ரசிகர்கள்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சோனிக்கு வருவோம். "படத் தரம் என்றால் சோனிதான்" என்று சத்தியம் செய்கிறவர்கள் நிறையப் பேர். நானும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான். ஆனால் 2017இல் வந்த சோனியின் ஏ1 ஓஎல்இடி டிவியில் இருந்தது எல்ஜி டிஸ்ப்ளேவின் திரை. 2022இல் வந்த ஏ95கே மாடலில் இருந்தது சாம்சங் டிஸ்ப்ளேவின் திரை. இரண்டு போட்டியாளர்களிடமும் துணி எடுத்து, தன் அளவுக்குத் தைத்துப் போடுகிற நிறுவனம் சோனி.

சாதாரண எல்சிடி டிவிகளில் கதை இன்னும் குழப்பம். சாம்சங் டிஸ்ப்ளே 2022இல் எல்சிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதன் சுஜோ தொழிற்சாலை சீனாவின் டிசிஎல் குழுமத்தைச் சேர்ந்த சிசாட் நிறுவனத்துக்குப் போனது. எல்ஜி டிஸ்ப்ளேவின் குவாங்சோ எல்சிடி ஆலையும் 2025இல் அதே சிசாட் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே, "சீன பிராண்ட் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு பெரிய பெயர் போட்ட எல்சிடி டிவியை வாங்கி வருகிறவர், பெரும்பாலும் சீனக் கண்ணாடியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல கண்ணாடிதான்.

சில பெயர்களோ வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. டோஷிபாவின் டிவி தொழிலை 2018இல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிவிட்டது. பல நாடுகளில் பிலிப்ஸ் பெயரில் வருகிற டிவிகளைச் செய்வது டிபிவி என்ற நிறுவனம். தாத்தா காலத்துப் பெயர்ப் பலகை வாசலில் அப்படியே தொங்கும், உள்ளே குடியிருப்பவர் வேறு.

"அப்படியென்றால் என் டிவியில் யார் கண்ணாடி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இந்த வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: செல்போன் கேமரா லென்ஸ் மேல் ஒரு தண்ணீர்த் துளி.)

செல்போனின் பின்பக்கக் கேமரா மேல் குண்டூசித் தலை அளவுக்கு ஒரே ஒரு துளி தண்ணீர் வையுங்கள். அந்தத் துளி பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். டிவியில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, துளி திரையில் படாமல் போனை ஒட்டினாற்போல் கொண்டுபோங்கள். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் 'பளிச்' என்று தெளிவாகும். அதுவரை வெள்ளையாக இருந்த திரை காணாமல் போய், வண்ணக் கட்டங்கள் வரிசை வரிசையாக வந்து நிற்கும்.

பக்கத்துப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் எல்சிடி. வண்ணக் கட்டங்களோடு ஒரு வெள்ளைக் கட்டமும் சேர்ந்து நின்றால், அது பெரும்பாலும் எல்ஜி டிஸ்ப்ளேவின் ஓஎல்இடி. கட்டங்கள் கோடாக இல்லாமல் முக்கோணமாக, மேலே பச்சை, கீழே சிவப்பும் நீலமுமாக உட்கார்ந்திருந்தால் அது சாம்சங் டிஸ்ப்ளேவின் கியூடி-ஓஎல்இடி என்ற ஓஎல்இடி வகை. முதல் தடவை அந்த முக்கோணத்தைப் பார்த்தபோது பத்து நிமிடம் டிவி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தவர்கள் டிவிக்குக் கும்பிடு போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

சரி, கண்ணாடி ஒரே இடத்திலிருந்து வருகிறது என்றால் பிராண்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஒரே மில்லில் நெய்த துணியை இரண்டு தையல்காரர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஒன்று உடம்பில் அப்படியே உட்காரும், இன்னொன்று தோளில் தூக்கி நிற்கும். டிவியில் அந்தத் தையல், உள்ளே இருக்கும் சிப்பும் அதில் எழுதியிருக்கும் நிரலும்தான். தரம் குறைந்த பழைய ஒளிபரப்பை 4கே திரைக்குப் பெரிதாக்குவது, வானத்தில் நீலம் வெளுக்கும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரியாமல் வழவழப்பாகக் காட்டுவது, ஓடுகிற பந்து வால் முளைத்த மாதிரி இழுபடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. இந்தத் தையலில் சோனியின் கை சுத்தம் என்பது என் கருத்து. பழைய படங்களும் சாதாரண சேனல்களுமே அதிகம் பார்க்கிற வீட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்து, பலரும் கேட்க மறக்கிற ஒரு கேள்வி. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறைக்குப் பெயர் எச்டிஆர். பிரகாசத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி மாற்றித் தரும் எச்டிஆர் வகைகளில் டால்பி விஷன் ஒன்று, எச்டிஆர்10 பிளஸ் இன்னொன்று. சாம்சங் தன் டிவிகளில் டால்பி விஷன் தருவதில்லை. எல்ஜியும் சோனியும் எச்டிஆர்10 பிளஸ் தருவதில்லை. பெரிய மனிதர்கள் கௌரவம் பார்த்துக்கொண்டு நிற்க, டிசிஎல்லும் ஹைசென்ஸும் பல மாடல்களில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. எது இல்லாவிட்டாலும் படம் தெரியாமல் போகாது, சாதாரண எச்டிஆர்10 எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் நீங்கள் அதிகம் பார்க்கிற ஓடிடி எதில் தருகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வரி: எல்ஜி, சாம்சங்கின் மேல்தட்டு மாடல்களில் நாலு எச்டிஎம்ஐ 2.1 துளைகள் (கேம் கருவியைச் செருகும் வேகமான இணைப்பு) இருக்கும், சோனியில் பெரும்பாலும் இரண்டுதான், அதிலும் ஒன்று சவுண்ட்பாருக்குப் போய்விடும்.

இனி மென்பொருள். இதில் ஒரு கதை இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. எல்ஜி டிவியில் ஓடுகிற வெப்ஓஎஸ் டிவிக்காகப் பிறந்ததே இல்லை. அது செல்போனுக்காகப் பிறந்தது. 2009இல் பாம் நிறுவனத்தின் 'ப்ரீ' என்ற போனில் வந்தது. 2010இல் பாமை எச்பி வாங்கியது. 2011 ஜூலையில் அதே வெப்ஓஎஸ்ஸைப் போட்டு எச்பி ஒரு டேப்லெட் வெளியிட்டது. 49 நாள். ஐம்பதாவது நாள் போஸ்டர்கூட ஒட்ட முடியவில்லை, கடையைச் சாத்திவிட்டார்கள். ஊரே கைவிட்ட அந்தப் பிள்ளையை 2013இல் எல்ஜி தத்தெடுத்து, அடுத்த வருடம் டிவிக்குள் உட்கார வைத்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. போனில் தோற்றவன் டிவியில் ஜெயித்தான்! சாம்சங் டிவியில் ஓடுகிற டைசனும் ஏறக்குறைய அதே ஜாதகம்தான். 2015இல் டிவிக்குக் குடி வந்தது, போனில் எடுபடாவிட்டாலும் டிவியில் நிலைத்துவிட்டது. சோனி, டிசிஎல் போன்றவை பெரும்பாலும் கூகுள் டிவியில் ஓடுகின்றன.

மென்பொருளில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, ஆயுளை. நான் முன்பு வைத்திருந்த டிவி ஒன்று, பிராண்ட் பெயர் வேண்டாம், மூன்றாவது வருடமே முட்டிவலிக்காரர் மாதிரி ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் யோசிக்கும், பெருமூச்சு விடும், அப்புறம் ஒரு விளம்பரத்தைக் காட்டும், அதற்குப் பிறகுதான் நான் கேட்டது வரும். திரை அன்றைக்கும் புதுசு போலத்தான் இருந்தது, மூளைதான் கிழடு தட்டிவிட்டது. கடைசியில் கட்டைவிரல் அளவு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைப் பின்னால் சொருகினேன், பிரச்சினை தீர்ந்தது. எல்ஜி ஐந்து வருடத்துக்கும் சாம்சங் ஏழு வருடத்துக்கும் மென்பொருள் மேம்பாடு தருவதாக 2024 வாக்கில் அறிவித்திருக்கின்றன. எந்தெந்த மாடல்களுக்கு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பிராண்ட் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியை விற்பனையாளரிடம் கேளுங்கள். பதில் சொல்வதற்குள் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

சர்வீஸ் பற்றி ஒரே வரி: உங்கள் ஊரில் அந்த பிராண்டுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆள் இல்லையென்றால், இதுவரை சொன்ன எதுவும் வேண்டாம், வேறு பிராண்ட் பாருங்கள்.

கடைக்குப் போகிறீர்கள். வரிசையாக இருபது டிவி. எல்லாவற்றிலும் கிளி, பூ, எரிமலை. எது கண்ணைப் பறிக்கிறதோ அதுதான் நல்லது என்று மனம் சொல்லும். அங்கேதான் ஏமாறுகிறோம். டிவியில் கடை முறை, வீட்டு முறை என்று இரண்டு உண்டு. கடை முறையில் பிரகாசமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். அந்தக் கிளியை வீட்டுக் கூடத்தில் இரவு பத்து மணிக்குப் பார்த்தால் கண் கூசும்.

அதனால், "சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்கு மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். ஒரு பென்டிரைவில் நீங்களே காட்சிகளைக் கொண்டுபோங்கள். முதலில், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடுகிற காட்சி. எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் கசிந்தால், பின்விளக்குக் கட்டுப்பாடு சுமார். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் இந்தக் கசிவு இருக்காது. அடுத்து, முழுச் சாம்பல் நிறப் படம். அழுக்குத் துணியால் துடைத்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தால், கிரிக்கெட்டோ கால்பந்தோ பார்க்கும்போது மைதானம் முழுக்க அந்தத் திட்டும் கூடவே ஓடும். கடைசியாக நாலு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். நிறம் வெளுத்தால், சோபாவின் ஓரத்தில் உட்காருகிறவர் தினமும் உங்களைத் திட்டுவார்.

என் முடிவைக் கேட்டால், இருட்டறையில் படம் பார்க்கிறவருக்கு ஓஎல்இடி, அது எல்ஜியோ சாம்சங்கோ சோனியோ. பகல் வெளிச்சம் கொட்டுகிற கூடத்துக்கு மினி எல்இடி, அதாவது குட்டிக் குட்டி விளக்குகளைப் பின்விளக்காக வைத்த எல்சிடி. அதில் டிசிஎல், ஹைசென்ஸைப் பெயரை வைத்து ஒதுக்காதீர்கள். மினி எல்இடி டிவியை 2019இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது டிசிஎல்தான்.

இவ்வளவு பேசுகிற நான் அம்மாவுக்கு டிவி வாங்கியது எப்படித் தெரியுமா? ரிமோட்டைப் பார்த்து! இப்போது பல பிராண்டுகள் தருகிற ரிமோட் விரல் நீளத்தில் வழுவழு என்று இருக்கிறது, எண் பொத்தான்களே கிடையாது. அம்மாவுக்குச் சேனல் எல்லாம் எண்தான். பெயர் கேட்டால் தெரியாது, எண் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். நான் கடையில் கறுப்பு, சாம்பல், பக்கவாட்டு என்று சோதனை நடத்திக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொரு ரிமோட்டாக எடுத்து, கண்ணாடி போடாமல் ஐந்தைத் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தின் மேல் சின்னப் புள்ளி இருந்த ரிமோட் எதுவோ, அந்த பிராண்ட்தான் வீட்டுக்கு வந்தது.

உங்கள் டிவியில் மூன்று கோடா, வெள்ளைக் கட்டமா, முக்கோணமா? படம் எடுத்துவிட்டு, பிராண்ட் பெயரையும் சேர்த்துக் கமெண்ட்டில் போடுங்கள். துளி பெரிதாகிப் போனுக்குள் இறங்கிவிட்டால் மட்டும் என்னைத் தேடி வராதீர்கள்.