ஒற்றைத் தந்தி மாண்டலின்

இசை அன்பர்களே, வணக்கம். பழைய மின் மாண்டலின்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். அத்தனையையும் பேசப் புகுந்தால் பொழுது விடிந்துவிடும். ஆகவே, கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் 1956-இல் வெளியிட்டு 1976 வரை விற்றுவந்த ஒரு கருவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேகரிப்போர் அதனை 'மாண்டோகாஸ்டர்' என்று செல்லமாக அழைத்தாலும், நிறுவனம் அதற்கு வைத்த பெயர் 'எலெக்ட்ரிக் மாண்டலின்' என்பதே.

மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள் உண்டு. இரண்டிரண்டாக ஒரே சுருதியில் சேர்க்கப்பட்ட நான்கு இணைகள் அவை. குடம் சிறிது, தந்தியும் குட்டை என்பதால் மீட்டிய ஒலி உடனே அடங்கிவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டவே இணைத் தந்தியும் இடைவிடாத மீட்டலும் தேவைப்பட்டன. கிப்ஸன் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த ஈஎம்-150 மாண்டலினில், தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் இருந்தது. ஆனாலும் எட்டுத் தந்திகள் அப்படியே நீடித்தன. ஒலியைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர் வந்த பிறகும் இணை எதற்கு என்ற கேள்வியை ஃபெண்டர் கருவி எழுப்பியது. உள்ளே குடையாத கெட்டிக் கட்டையாலான உடல், ஒரே பிக்கப், நான்கே ஒற்றைத் தந்திகள். இதிலும் அது முதலாவது அல்ல. அமெரிக்காவின் பாப் வில்ஸ் இசைக்குழுவில் புகழ்பெற்ற மாண்டலின் கலைஞர் டைனி மூருக்காக 1952-இலேயே, இசைக்கருவி செய்யும் பால் பிக்ஸ்பி ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மாண்டலினைச் செய்து கொடுத்திருந்தார்.

ஒற்றைத் தந்தியின் அருமை நம் காதுக்குத்தான் நன்றாக விளங்கும். இணைத் தந்திகளை விரலால் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறுவதில்லை; கமகம் பிசிறடிக்கும். ஒற்றைத் தந்தியோ இழுத்த இழுப்புக்கு வரும், ஒலியும் நின்று பேசும். ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், எட்டுத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்ததன் காரணமும் இதுவே. அவர் வாசித்தது ஃபெண்டர் கருவி அன்று. ஆனால் அவர் கண்ட தீர்வும் அமெரிக்கக் கைவினைஞர்கள் கண்ட தீர்வும் ஒன்றாக அமைந்தன என்பது எனக்கு இன்றும் வியப்பே.

இனி, அத்தகைய கருவி கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது? பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். எனக்கென்னவோ பளபளப்பான பழைய கருவி என்றாலே ஐயம் எழும். திருகாணித் துளைகளுக்குள் புதுச் சாயம் தெரிந்தால் உடல் மறுபூச்சுப் பெற்றது என்று கொள்ளலாம். விலை பாதியாகச் சரிவதும் உண்டு. மேல்தகட்டைக் கழற்றி, வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 304632 என்றிருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் என்னும் உற்பத்தியாளரையும், 6 என்பது 1956-ஐயும், 32 என்பது அவ்வாண்டின் 32-ஆம் வாரத்தையும் குறிக்கக்கூடும். கருவி அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே இதனால் உறுதியாகும். உதிரிபாகம் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். அதன் ஈயப்பற்று யாராலும் தொடப்படாமல் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. கழுத்தின் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ இட்ட தேதியும் இதனோடு ஒத்துப்போக வேண்டும்.

கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான மெட்டுகள் தேய்ந்தால் மாற்றலாமா என்பதில் வாசிப்பவருக்கும் சேகரிப்பவருக்கும் ஓயாத வழக்கு உண்டு. நான் வாசிப்பவர் பக்கம். மெட்டு தேய்வதற்கென்றே உள்ளது, பழையதை ஒரு காகித உறையில் இட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். பிக்கப்பை மட்டும், அது ஒலி தந்துகொண்டிருக்கும் வரை, தொடவே கூடாது.

விலை பேசுமுன் புதுத் தந்தி பூட்டி, மெல்லிய மேல் தந்தியை நடு மெட்டொன்றில் அழுத்தி முழுச் சுரம் ஏறும் வரை இழுத்துப் பாருங்கள். கழுத்தின் விளிம்பைத் தாண்டித் தந்தி நழுவினாலோ, பாதி வழியில் ஒலி செத்தாலோ, மெட்டுகளும் கழுத்தும் சீராகும் வரை அதில் கமகம் வாராது.