மேகம் இல்லாமல் மனதை வரைவது

அனைவருக்கும் வணக்கம்.

1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை இங்கே பலர் படித்திருப்பீர்கள். மாயாவி மறைந்துவிட்டால் கட்டத்தில் மிஞ்சுவது அந்தரத்தில் ஒரு இரும்புக் கை. முகம் கிடையாது, கண் கிடையாது. ஆள் பயப்படுகிறானா, திட்டம் போடுகிறானா என்று காட்ட, மனதில் ஓடுவதை எழுதிக் காட்டும் மேகம் போன்ற சிந்தனை பலூனை விட்டால் வேறு வழி குறைவு. அங்கே அது நியாயம். முகம் முழுசாகத் தெரியும்போதும் அதையே மாட்டுவதுதான் சோம்பேறித்தனம். ‘ஐயோ, கதவு பூட்டியிருக்கிறதே!’ என்று பலூன் சொல்லும். கீழே படத்திலும் பூட்டிய கதவேதான் இருக்கும்.

1980-களில் எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் டேவிட் லாயிடும் ‘வி ஃபார் வெண்டெட்டா’ காமிக்ஸில் சிந்தனை பலூனை அடியோடு விலக்கினார்கள். அமெரிக்க இதழ்களில் அந்த வேலையை, நினைப்பதை எழுதும் சதுரப் பெட்டிகள் எடுத்துக்கொண்டன. ‘பேட்மேன்: இயர் ஒன்’ கதையில் பேட்மேனான புரூஸ் வேய்னுக்கு ஒரு கையெழுத்து, போலீஸ் அதிகாரி கார்டனுக்கு வேறொன்று, நினைப்பது யாரென்று எழுத்தின் வடிவமே சொல்லிவிடும். நல்ல உத்திதான். ஆனாலும் பெட்டிக்குள் இருப்பதும் சொல்தானே? படமே நினைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்று 1955-லேயே காட்டியவர் ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். அமெரிக்கப் பதிப்பகமான இசி காமிக்ஸின் ‘இம்பாக்ட்’ முதல் இதழில் வந்த ‘மாஸ்டர் ரேஸ்’ கதையில்தான். நாஜி முகாம் ஒன்றின் தளபதியாக இருந்த ரைஸ்மன், நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு மனிதரைப் பார்த்து நடுங்குகிறான். அந்த நிறுவனத்தில் எழுத்தை முதலில் தாளில் பதித்துவிட்டுத்தான் ஓவியரிடம் கொடுப்பார்கள். மிச்ச இடத்தில்தான் படம். கிரிக்ஸ்டீன் அந்தத் தாள்களை வெட்டிப் பிரித்து ஒட்டி, 6 பக்கக் கதையை 8 பக்கமாக்கினார். கூடுதலாகக் கிடைத்த இடத்தில் புதுச் சம்பவம் எதையும் சேர்க்கவில்லை. இருந்த கணங்களையே பொடியாக நறுக்கினார். ரைஸ்மன் நடைமேடையில் சறுக்கி விழும் ஒரு நொடி ஒல்லியான பல கட்டங்களாக நீள்கிறது. ரயில் கடக்கும்போது ஜன்னலோர முகங்கள் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன. பயந்தவனுக்கு நேரம் எப்படி ஓடும், அல்லது ஓடாது? அதையே வாசகரின் கண்ணும் அனுபவிக்கிறது.

இதை நீங்கள் செய்து பார்க்க, பக்கத்தில் ஒரு வரிசையை எடுத்து 4 ஒல்லிக் கட்டங்களாகப் பிரியுங்கள். நான்கிலும் கோணம், தலையின் அளவு, பின்னணி எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒன்றே ஒன்று மட்டும் மாறட்டும்: இமை தாழ்வது, அல்லது விரல் மடங்குவது. அலுக்குமே என்று பயந்து கட்டத்துக்குக் கட்டம் கோணத்தை மாற்றுவதுதான் வழக்கமான தவறு. கோணம் மாறினால் ‘இப்போது எங்கிருந்து பார்க்கிறோம்?’ என்று தேடுவதிலேயே வாசகரின் கவனம் போய்விடும். சின்ன மாற்றம் கண்ணில் படாது.

இன்னொரு வழி, மூன்று கட்டம்: முகம், அவர் பார்க்கும் பொருள், மீண்டும் முகம். மூன்றாவதில் புருவத்தை நெரித்து, வியர்வையைத் தெளித்து, பல்லைக் கடிக்கவைத்தால் காரியம் கெட்டது. முதல் முகத்துக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பது காலி நாற்காலி என்றால் ஏக்கத்தை வாசகரே அந்த முகத்தில் ஏற்றிக்கொள்வார். கத்தி என்றால் அதே முகம் கொலைகாரனுடையது. பார்வையின் திசையும் முக்கியம். தமிழில் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆகவே முதல் முகம் வலப்பக்கம் பார்த்தால் கண் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். ஜப்பானிய காமிக்ஸான மங்கா வலமிருந்து இடமாக ஓடுவது. அதைப் பார்த்துப் பழகுகிறவர்கள் முகத்தின் திசையையும் சேர்த்து நகலெடுத்துவிடுகிறார்கள். அப்போது பாத்திரம் பொருளுக்கு முதுகைக் காட்டி நிற்கும்.