புட்டியில் நிறைந்த பால்

(சேலத்தில் பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் ட்யூப் போட்டிருக்கிறார்கள். முதல் சில நாள்கள் அதில் வெளிறிய மஞ்சள் நீர்தான் வடிகிறது. யாருக்கும் கவலை இல்லை. பிறகு குடலுக்குப் போட்ட குழாய் வழியாகப் பால் கொடுக்கத் தொடங்குகிறார்கள். மறுநாள் காலையில் நெஞ்சு ட்யூபின் புட்டி வெள்ளையாக நிறைந்திருக்கிறது. சீழ் வைத்துவிட்டது என்று சிலர் அழுவார்கள். கொடுத்த பால் வழி தவறி நெஞ்சுக்குள் போய்விட்டது என்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது கூட்டத்தார் உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள்.

நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி குடலிலிருந்து நேராக இரத்தத்துக்குப் போவதில்லை. திசுக்களிலிருந்து வடியும் நீரான நிணநீரை ஏந்திச் செல்லும் குழாய்களுக்குள் போய், அந்த நீரைப் பால் நிறமாக்குகிறது. இதைக் கைல் என்போம். கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் நிணநீரெல்லாம் முதுகெலும்பின் முன்னால் சேர்ந்து, தொராசிக் டக்ட் என்னும் ஒரே குழாயில் ஏறுகிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய். மகாதமனியை ஒட்டி மார்பின் வலப்பக்கமாக ஏறி, நடுவழியில் இடப்பக்கம் மாறி, இடது கழுத்தடியில் சிரைக்குள் திறக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் முதல் இரண்டரை லிட்டர் வரை அதில் ஓடுகிறது.

1622இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர் ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை இழைகளைக் கண்டார். நரம்பு என்று எண்ணி ஒன்றை வெட்ட, பால் வழிந்தது. அந்த நாய் அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்தது. பட்டினி கிடந்த நாயாக இருந்தால் அவர் கண்ணுக்கு ஒன்றும் பட்டிருக்காது. நம் நோயாளிகளைப் பட்டினி போட்டுத்தானே அறுவை அறைக்குள் கொண்டுபோகிறோம்? குழாய் நிறமற்றுக் கிடக்கும். மிகத் திறமையான கை கூட அதைக் கீறிவிடும். அப்போது அது தெரியவும் தெரியாது. பால் கொடுத்த பிறகுதான், கீறல் வழியே கைல் நெஞ்சுக்குள் கசிவது வெள்ளையாகத் தெரியும். ஆகவே யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

அறுவை சிகிச்சை மட்டுமே காரணமும் அல்ல. நிணநீர்ப் புற்றுநோய், விபத்து, சில சமயம் காசநோய் ஆகியவற்றாலும் கசிவு வரும். வடியும் நீரில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அது கைல்தான் என்பது ஏறக்குறைய உறுதி.

கொழுப்போடு புரதமும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் புட்டிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. மனிதர் கண்முன்னே இளைப்பார். கொழுப்பில்லாத உணவு, சிரை வழி ஊட்டம், நிணநீர் ஓட்டத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு மருந்து என்று தொடங்குவோம். சிறிய கசிவு இவற்றிலேயே நின்றுவிடும். பெரிய கசிவு நிற்காது. முன்பு அதற்கு வழி, நெஞ்சை மறுபடி திறந்து குழாயைக் கட்டுவது. 1948இல் லாம்ப்சன் என்ற மருத்துவர் இதைச் செய்து காட்டிய பிறகுதான் இந்த நோயில் சாவு குறைந்தது. அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் இளைத்துப்போன உடம்பை இன்னொரு முறை அறுப்பது எளிதல்ல.

1998இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்டின் கோப், நெஞ்சைத் திறக்காமலேயே இந்தக் குழாயை வயிற்றின் வழியாக ஊசியால் பிடித்து அடைக்கும் முறையை வெளியிட்டார். இன்று நாங்கள் செய்வது அதன் வளர்ந்த வடிவம். தொடை இடுக்கில் நெறி கட்டும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்குள்ள நிணநீர்க் கணுவை ஸ்கேனில் பார்த்து, மெல்லிய ஊசியால் குத்தி, லிப்பியோடால் என்ற எண்ணெயை மிக மெதுவாகச் செலுத்துகிறோம். அது வேறொன்றும் இல்லை, அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய்! எக்ஸ்-ரே திரையில் அது கணு கணுவாக ஏறி வயிற்றுக்கு வரும். இதற்கு அவசரம் உதவாது.

குழாயின் அடிப்பகுதி திரையில் தெரிந்ததும், வயிற்றின் முன்பக்கத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள ஊசியை இறக்குகிறோம். குடலையோ கல்லீரலையோ துளைத்துக்கொண்டுதான் அது போகும். கேட்டால் திகிலாக இருக்கும். அவ்வளவு மெல்லிய துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்கிறது. ஊசி வழியே நுண்கம்பி, கம்பியின் மேல் நுண்குழாய். ஓட்டையைக் கண்டுபிடித்து, பிளாட்டினம் சுருள்களை வைத்து, அதன் மேல் பசையை விடுகிறோம். நிணநீர் பட்டதும் பசை இறுகிவிடும். நுண்குழாய்க்குள்ளேயே இறுகிவிடாதபடி முதலில் குளுக்கோஸ் நீரால் அலசிக்கொள்வோம். உடைந்த வாய்க்காலுக்கு மேலே மடையை அடைப்பது போன்ற வேலைதான். சிலருக்கு அந்தக் கசகசா எண்ணெயே ஓட்டையை எரிச்சலூட்டி மூடிவிடுவதும் உண்டு.

இவ்வளவு பெரிய குழாயை அடைத்தால் உடம்பு தாங்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாங்கும். நிணநீருக்குக் கிளை வழிகள் நிறைய உண்டு. அவை விரிந்து சுமையை ஏற்கின்றன. சிலருக்குப் பின்னாளில் கால் வீக்கமோ தீராத வயிற்றுப்போக்கோ வரலாம். எண்ணெயோ பசையோ நுரையீரலுக்குப் போகலாம். இதயத்தில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் மூளைக்கே போகக்கூடும். அதை மறைக்காமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வடிபவரை வாரக்கணக்கில் பார்ப்போம், பார்ப்போம் என்று வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிப்பட்டவரின் குடும்பத்தார், "ஊசி வழியாக அடைக்க முடியுமா, எங்கே செய்வார்கள்?" என்று முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேளுங்கள். தயக்கம் வேண்டாம்.

முன் வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்: தேங்காய் எண்ணெய் நல்லதாமே, கொடுக்கலாமா? வேண்டாம், அம்மா. மருத்துவமனையில் தரும் எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு, தேங்காய் எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுப்பதுதான். அது பெரும்பாலும் நிணநீரைத் தொடாமல் நேரே கல்லீரலுக்குப் போகும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அதில் கணிசமான பங்கு நிணநீர் வழியாகவே ஏறும். நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுங்கள், அதில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் புரதமும் இல்லை. புட்டியில் போவது புரதம் அல்லவா? எனவே கஞ்சியோடு நிறுத்தாமல், வாயால் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, முட்டையின் வெள்ளைக்கருவும் ஆடை முழுவதும் நீக்கிய பாலும் சேர்த்துக் கொடுங்கள்.